தலைவலியின் அபாயக் குறிகள்: ஜவ்வாது மலையிலிருந்து ஒரு பார்வை

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ள ஜவ்வாது மலையின் பல சிற்றூர்களிலிருந்து, ஸ்கேன் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குச் செல்லச் சமவெளிக்கு இறங்க வேண்டியிருப்பதால், எந்தத் தலைவலிக்கு உடனே புறப்பட வேண்டும் என்று தெரிந்திருப்பது அங்கு உயிர்காக்கும் அறிவாகும். தலைவலிகளில் பெரும்பாலானவை உயிருக்கு ஆபத்தில்லாதவை; சிலவற்றுக்கே மூளையிலோ அதன் இரத்தக்குழாய்களிலோ நேர்ந்த கேடு காரணமாகிறது. வலியின் கடுமை ஒன்றே இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. வலிமாத்திரைக்கு வலி தணிந்தாலும் ஆபத்து நீங்கியதாகக் கொள்ள முடியாது. ஆகவே வலி தொடங்கிய விதத்தையும் உடன் தோன்றும் குறிகளையும் மருத்துவர்கள் முதலில் விசாரிக்கின்றனர்.

ஒரு நிமிடத்திற்குள் உச்சத்தை எட்டும் திடீர்த் தலைவலி, மூளையைச் சூழ்ந்த படலங்களுக்கிடையே இரத்தம் கசிவதால் வரக்கூடும். தமனிச் சுவரில் பலவீனமடைந்து புடைத்த இடம் வெடிப்பது இதற்கு முக்கியக் காரணம். முதல் 6 மணி நேரத்திற்குள் எடுக்கப்படும் சி.டி. ஸ்கேன் இக்கசிவைப் பெரும்பாலும் காட்டிவிடும் என்றாலும், நேரம் செல்லச் செல்ல அத்திறன் குறைந்து, முதுகுத்தண்டிலிருந்து நீரெடுத்துச் சோதிக்கும் தேவை எழலாம் என்பதால், வலி தொடங்கிய நேரத்தைக் குறித்துச் சொல்வது நோயாளிக்குப் பேருதவியாகும்.

காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த தலைவலி, மூளையுறைகளில் கிருமி தொற்றுவதால் உண்டாகும் மூளைக்காய்ச்சலைக் குறிக்கலாம். வேலூர் வட்டாரத்தில் காணப்படும் உண்ணிக் காய்ச்சலும் கடுந்தலைவலியைத் தருவதோடு சிலருக்கு மூளையுறைகளையும் தாக்குவதால், அக்குள், இடுப்பு மடிப்பு போன்ற மறைவிடங்களில் வலியற்ற கரிய பொருக்கு உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

தலைவலியோடு வலிப்பும் வந்தால் நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்கியிருக்கக்கூடும். இத்தொற்று குறித்து வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் ஜவ்வாது மலைக் கிராமங்களில் ஆராய்ந்துள்ளனர். சரியாக வேகாத பன்றி இறைச்சியால் புழு குடலில் வளர்கிறது. ஆனால் மூளையைத் தாக்குவது, புழு உள்ளவரின் மலத்தோடு வெளியேறி, கழுவாத கை, நீர், காய்கறி வழியே வயிற்றுக்குள் செல்லும் முட்டைகளே என்பதால், இறைச்சி உண்ணாதவருக்கும் இந்நோய் வரலாம்.

கர்ப்பிணிக்கோ, பிரசவமாகி 6 வாரங்களுக்குள் உள்ள தாய்க்கோ தலைவலி வந்தால், இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் உள்ளதா என அன்றே பார்க்க வேண்டும். மூளையின் சிரைகளில் இரத்தம் உறைவதும் இக்காலத்தில் நேரக்கூடியதே. 50 வயதுக்குப் பின் முதன்முதலாகத் தொடங்கும் வலி, தலையில் அடிபட்டுச் சில வாரங்கள் கழித்து வளரும் வலி, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், நினைவு தடுமாற்றம் ஆகியவற்றோடு வரும் வலி ஆகியவையும் தாமதத்தைப் பொறுக்காதவை.

இக்குறிகளுள் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108 ஆம்புலன்சை அழைத்து, வலி தொடங்கிய நேரம், கண்ட குறிகள், கொடுத்த மருந்துகள் ஆகிய மூன்றையும் தெளிவாகச் சொல்வதே குடும்பத்தார் செய்யக்கூடிய முதல் சிகிச்சையாகும்.