வாசலில் பந்தயம்

கோவாவில் பொழுது விடிந்ததைச் சொல்வது ஒரு ஹாரன் ஒலி. மூங்கில் கூடை கட்டிய சைக்கிளில் ரொட்டி விற்க வரும் ‘பொதேர்’ எழுப்பும் ஒலி அது. அவர் வழக்கமாகப் போய்வரும் தெருக்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு சைக்கிள்கள் சீறிப் பாய்கின்றன. கார்பன் இழையில் செய்தவை. சிலவற்றின் விலைக்கு ஒரு காரே வாங்கிவிடலாம்.

பணஜியின் மிராமர் கடற்கரையில் 2019 அக்டோபரில் ‘அயர்ன்மேன் 70.3’ டிரையத்லான் முதன்முதலாக நடந்தது. கொரோனாவால் இரண்டு ஆண்டுகள் தடைபட்டு 2022இல் திரும்பி வந்தது. கடலில் 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். இந்த மூன்றில் ஊரோடு உரசுவது சைக்கிள்தான். கடலில் யாரும் குடியிருக்கவில்லை; ஓடுகிறவர் மோதினால் பெரிய காயம் ஏற்படாது.

மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் வருபவர் நொடிக்கு ஏறக்குறைய 10 மீட்டர் கடக்கிறார். முன்னே கிளைத்து நிற்கும் கம்பிகளில் முழங்கையை ஊன்றிக் குனிந்திருப்பார். பிரேக்கோ பக்கவாட்டுக் கைப்பிடியில். கையை அங்கே கொண்டுபோவதற்குள் பத்து மீட்டர் போய்விடும். வண்டியில் சத்தமும் கிடையாது. இஞ்சின் ஒலியைக் கேட்டே சாலையைக் கடந்து பழகியவர்கள் நாம். சைக்கிள்தானே, மெல்ல வரும் என்று காலை எடுத்து வைக்கும் பாட்டியின் கணக்கு அங்கேதான் தவறுகிறது.

போட்டி விதிகள் கண்டிப்பானவைதான். ஸ்டாண்டிலிருந்து சைக்கிளை எடுக்கும் முன்பே ஹெல்மெட் வாரை மாட்டியாக வேண்டும். முன்னால் போகிறவருக்கும் தனக்கும் 12 மீட்டர் இடைவெளி வேண்டும். (ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றின் தடையை ஏமாற்றுவதற்கு ஆங்கிலத்தில் ‘டிராஃப்டிங்’ என்று ஒரே சொல் இருக்கிறது, தமிழில் எனக்கு ஒரு வாக்கியம் தேவைப்படுகிறது.) ஆனால் இவை யாவும் போட்டியாளருக்கான விதிகள். கேட்டைத் திறந்து வெளியே வருபவர் எந்த விதிப் புத்தகத்தையும் படித்திருக்க மாட்டார்.

அவர் காத்திருக்க வேண்டிய நேரமும் குறைவல்ல. எல்லோரையும் ஒரே சமயத்தில் கடலில் இறக்காமல் சிலர் சிலராக அனுப்புவதே இப்போது வழக்கம். நெரிசல் குறைகிறது, வரிசை நீள்கிறது. நீந்தத் தொடங்கியதிலிருந்து ஐந்தரை மணி நேரம் வரை ஒருவர் சைக்கிளில் இருக்கலாம் என்பதால், கடைசி ஆள் போய்ச் சேர நண்பகல் ஆகிவிடும். ஞாயிறு காலை கோவாவில் திருப்பலி நேரம். பிரசவ வலியும் மாரடைப்பும் கிழமை பார்ப்பதில்லை. மாநிலத்தின் பெரிய அரசு மருத்துவமனை இருப்பதோ பாம்போலிமில்.

தடுப்புகளையும் போலீஸ்காரரையும் மட்டும் நம்பினால் போதாது என்றே எனக்குத் தோன்றுகிறது. சந்து முனைக்கு ஒரு போலீஸ்காரர் எங்கும் கிடைக்கமாட்டார். அந்தத் தெருக்காரரே கொடியும் விசிலுமாக அங்கே நின்றால் எந்த வீட்டில் நோயாளி, எந்த வீட்டு நாய் அவிழ்ந்து ஓடும் என்பது அவருக்குத் தெரியும். எந்தச் சந்திப்பை எத்தனை மணிக்குத் திறப்பார்கள், ஆம்புலன்ஸுக்கு எது வழி என்பதை இரண்டு ஞாயிறு முன்பே தேவாலயத்தில் அறிவிக்கலாம். கொங்கணியிலும் மராத்தியிலும் துண்டுச் சீட்டாக அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுக்கலாம். ஆங்கில நாளேட்டின் உள்பக்கத்தில் வரும் போக்குவரத்து மாற்ற அறிவிப்பைப் பாட்டி படிக்கப்போவதில்லை.

பொதேரிடமும் ஒரு சீட்டைக் கொடுக்க வேண்டும். அன்று மட்டும் அவர் கொஞ்சம் இருட்டோடு வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடுவார்.