ஜோடி மணியா, கலப்பு மணியா?

கண்ணாடி மணியில் கம்மல் செய்து கடைக்குக் கொடுக்கிற குழுக்களுக்கு அடிக்கடி வருகிற தொல்லை இது. "ரெண்டும் ஒரே மாதிரி இல்லையேம்மா" என்று கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிடுவார். கம்பி, கொக்கிக்குப் போட்ட காசும் போச்சு, கூலியும் போச்சு.

மிஷின் மணி ஒரே அளவாக வரும். கையால் செய்த மணி அப்படி வராது. உத்தரப்பிரதேசத்தில் புர்தில்நகர், வாரணாசி பக்கம் கண்ணாடிக் குச்சியைத் தீயில் உருக்கி, கம்பியில் சுற்றி மணி செய்கிறார்கள். ஒரு சுற்று கூடினால் மணி பெருத்துவிடும். சூடு கூடினால் சிவப்பு, ஆரஞ்சு போன்ற நிறங்கள் மாறிவிடும். நம் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் சுமார் 2000 வருஷத்துக்கு முன்பே கண்ணாடியைக் குழாயாக இழுத்து, நறுக்கி மணி செய்தார்கள். அந்தக் கைமணிகளும் அச்சில் வார்த்தது போல இருப்பதில்லை. ஆகவே இது மணியின் குறை இல்லை. பிரித்து எடுப்பதுதான் நம் வேலை.

கம்மலுக்கு ஜோடி கட்டாயம். காதில் போட்ட பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து யாரும் பார்க்கப்போவதில்லை. ஆனால் கடையில் ஒரே அட்டையில் பக்கத்துப் பக்கத்தில்தானே தொங்குகிறது! வெள்ளைத் துணி விரித்து, பகல் வெளிச்சத்தில் பிரியுங்கள். டியூப் லைட்டில் நீலமும் பச்சையும் ஏமாற்றிவிடும். முதலில் அளவு, பிறகு நிறம். ஏன் என்றால், உள்ளே வெளிச்சம் தெரிகிற கண்ணாடியில் பெரிய மணி கருத்தும் சின்ன மணி வெளிறியும் தெரியும். நிறம் ஒன்றுதான், கனம்தான் வேறு. கோர்த்ததும் இரண்டையும் சேர்த்துத் தொங்கவிட்டு நீளம் பாருங்கள்.

மிச்சமான மணிகளைக் கழுத்துமாலைக்கும் கைச்சங்கிலிக்கும் வையுங்கள். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. கொஞ்சமாக வித்தியாசம் இருந்தால் தப்பு செய்த மாதிரி தெரியும். நன்றாக வித்தியாசம் இருந்தால் டிசைன் என்று தெரியும். கிட்டத்தட்ட ஒரே நீலம் இரண்டை அடுத்தடுத்துக் கோர்க்காதீர்கள். நடுவில் வெள்ளையோ மஞ்சளோ வரட்டும். நிறம் பலவானால் அளவு ஒன்றாக இருக்கட்டும். அளவு பலவானால் ஒரே நிறக் குடும்பம் போதும். பெரியது நடுவில், சின்னது ஓரத்தில். எல்லாமே கலந்தால் பார்க்கச் சகிக்காது என்பது எங்கள் அபிப்பிராயம்.

விலை போடும்போது பலர் ஏமாறுகிறோம். மணி ஒன்று 3 ரூபாய் என்று 100 மணி வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 35 ஜோடிதான் தேறியது. மீதி 30 மணி டப்பாவிலேயே கிடந்தால், ஒரு ஜோடிக்கு மணிச் செலவு 6 ரூபாய் இல்லை, ஏறக்குறைய 8 ரூபாய் 60 பைசா. பிரித்த நேரத்துக்கான கூலி தனி. அந்த 30 மணியும் மாலையாகி விற்றால்தான் 6 ரூபாய்க் கணக்கு சரி.

ஆர்டர் பிடிக்கும்போதே இரண்டு மூன்று சாம்பிள் காட்டி, "கைமணி, இந்த அளவுக்கு வித்தியாசம் வரும்" என்று சொல்லி, ஒத்துக்கொண்ட சாம்பிளில் ஒன்றைக் குழுவிலேயே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.