நாற்பதில் நூல் பிடிப்பது

முதல் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம், அக்கா. நாற்பத்திரண்டு வயதில் பியூட்டிஷியன் வேலை கற்கப் போனால் ஊர் சிரிக்காதா என்று கேட்டீர்கள். சிரிக்கும். நீங்கள் அலங்கரித்த பெண் மணவறையில் வந்து உட்காரும் வரைக்கும் சிரிக்கும். அதற்குப் பிறகு, “எங்க வீட்டுக்கும் தேதி குறிச்சு வெச்சுக்கோ” என்பார்கள்.

வயது விஷயத்தில் ஊரைவிட அரசாங்கக் காகிதம் தாராளமானது. விழுப்புரத்தில் இந்தியன் வங்கி நடத்தும் கிராமப்புற சுயதொழில் பயிற்சி நிலையம் இருக்கிறது, இண்ட்செட்டி என்பார்கள். கர்நாடகத்தில் தர்மஸ்தலாவுக்குப் பக்கத்து உஜிரேயில் 1982-இல் வீரேந்திர ஹெக்டேயும் இரண்டு வங்கிகளும் சேர்ந்து தொடங்கிய ஒரு பயிற்சி நிலையம்தான் இதற்கெல்லாம் முன்னோடி. பின்னாளில் மத்திய அரசு அதையே மாவட்டத்துக்கு ஒன்று என்று விரித்தது. பயிற்சி, சாப்பாடு, தங்கும் இடம் எல்லாமே இலவசம். அழகுக்கலைப் பயிற்சி ஏறக்குறைய ஒரு மாதம். முடிந்த பிறகும் இரண்டு ஆண்டுகள் ‘தொழில் தொடங்கினீர்களா, கடன் கிடைத்ததா’ என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். வயது வரம்பு நெடுநாள் 18 முதல் 45 வரை என்றுதான் இருந்தது. ஆகவே யோசனையை ரொம்ப ஆறப்போட வேண்டாம்.

ஒரு மாதம் போதாது, ஆழமாகப் படிக்க வேண்டும் என்றால் ஐடிஐ. அழகுக்கலைப் பிரிவு ஓராண்டுப் படிப்பு. பத்தாவது தேறியிருக்க வேண்டும். தமிழ்நாட்டு ஐடிஐ சேர்க்கையில் பெண்களுக்கு மேல் வயது வரம்பே கிடையாது. நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம், யாரும் உரக்கச் சொல்வதில்லை. எல்லா ஐடிஐயிலும் இந்தப் பிரிவு இருக்காது, விசாரித்துக்கொண்டு போங்கள். தனியார் அகாடமிகளும் உண்டு. கட்டணம் லட்சத்தைத் தொடும் இடங்களில் நகையை அடகு வைத்துச் சேர்வதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். இலவசப் பயிற்சியை முடித்து, கை பழகி, என்ன தெரியவில்லை என்று தெரிந்த பிறகு அந்த ஒன்றுக்கு மட்டும் காசு கட்டுங்கள்.

அந்த இலவசப் பயிற்சியில் என்ன சொல்லித் தருவார்கள்? புருவம் எடுப்பது, ஃபேஷியல், வாக்சிங், மெஹந்தி, சடை, மணப்பெண் மேக்கப், புடவை மடிப்பு. கை வேலை எல்லாம் பழகப் பழக வந்துவிடும். இருபது வருஷமாக ஜாக்கெட் ஊக்கு வைத்துத் தைத்த விரல் உங்களுடையது. த்ரெட்டிங் நூல் அதற்குப் பெரிய பாடமில்லை. நீங்கள் உண்மையில் உட்கார்ந்து படிக்க வேண்டியது தோலைப் பற்றி. எந்த முகத்தில் கை வைக்கக் கூடாது என்பதுதான் இதில் கடினமான பகுதி.

நூலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு இழுப்பது பழைய வழக்கம். வாயில் வைத்த நூல் அடுத்தவர் முகத்தில் படுகிறது. இழுக்கும்போது நுண்ணிய காயமும் ஆகிறது. மரு இருக்கும் இடத்தில் இழுத்தால் மரு பரவும். அதனால் நூலைக் கழுத்தில் கட்டி இழுக்கப் பழகுங்கள், ஆளுக்கு ஒரு புது நூல் எடுங்கள்.

தலைமுடிச் சாயத்தில் பெரும்பாலும் பிபிடி என்ற ரசாயனம் இருக்கும். சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாமல் முகமே வீங்கிப்போகும். காதுக்குப் பின்னால் துளி தடவி 48 மணி நேரம் பார்க்கச் சொல்லிப் பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். படிப்பவர் குறைவு. நாளைக்குக் கல்யாணம் என்று இன்றைக்கு வந்து நிற்பவருக்கு இதைச் சொல்லித் திருப்பி அனுப்பத் துணிவு வேண்டும். இருபது வயதுப் பெண் சொன்னால் கேட்க மாட்டார்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

இன்னும் மோசமானது சிவப்பழகு கிரீம். டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்துக் கடையில் வாங்கித் தடவிக்கொள்ளும் சில கிரீம்களில் பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கும். முதல் வாரம் முகம் பளபளக்கும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, சிவந்து, பரு கொப்பளிக்கும். 2018-இல் மத்திய அரசு இப்படிப்பட்ட பல ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டுக்குத்தான் விற்க வேண்டும் என்ற பட்டியலுக்கு மாற்றியது. 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரகக் கோளாறோடு வந்த சிலரை விசாரித்தபோது, பாதரசம் கலந்த வெளுப்பு கிரீம்தான் காரணம் என்று மருத்துவர்கள் கண்டார்கள். மெலிந்துபோன தோலில் நீங்கள் வாக்சிங் பட்டையை ஒட்டி இழுத்தால் தோலும் சேர்ந்து வரும். பழி உங்கள் தலையில். அதனால் முகத்தைத் தொடுவதற்கு முன் “என்ன கிரீம் போடறீங்க?” என்று கேட்டே ஆக வேண்டும். ப்ளீச் போட்டால் வெளுப்பது பூனைமுடிதான், தோல் இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். கறுப்பாக இருப்பது நோயா என்ன, நாம் வைத்தியம் பார்க்க?

வருமானத்துக்கு வருவோம். இந்தத் தொழிலின் முதலாளி பஞ்சாங்கம். ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றிலும் கல்யாணம் இருக்காது. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் ஒரே முகூர்த்தத்துக்கு மூன்று வீட்டார் கூப்பிடுவார்கள், போக முடிவது ஒரு வீட்டுக்கு. நடுவில் வளைகாப்பும் மஞ்சள் நீராட்டும் கொஞ்சம் கைகொடுக்கும். புருவம் எடுப்பதில் வருவது சில்லறை, ஆனால் அந்தச் சில்லறைதான் ஆளை மாதம் ஒருமுறை உங்கள் வாசலுக்கு அழைத்து வரும். தையல் மெஷினை மட்டும் விற்றுவிடாதீர்கள். கல்யாணப் பெண் முதலில் வருவது ஜாக்கெட் அளவு கொடுக்கத்தான். பேச்சை அங்கேயே தொடங்கிவிடலாம். செஞ்சியில் கடை எடுத்து உட்கார்ந்திருப்பவருக்கு இந்த வசதி இல்லை.

நீங்களும் உடனே கடை எடுக்க வேண்டாம். உங்கள் ஊர் தளவானூரைத் தேடி வெளியூர்க்காரர் வருவதென்றால் மகேந்திரவர்மன் குடைந்த சத்ருமல்லேஸ்வரம் குடைவரையைப் பார்க்கத்தான். ஃபேஷியலுக்கு யாரும் தேடி வர மாட்டார்கள், நீங்கள்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வீட்டுக்கே போய்ச் செய்வதில் வாடகை இல்லை, கரண்ட் பில் இல்லை. கிராமத்தில் பார்லர் வாசல் ஏறக் கூசும் நடுத்தர வயதுப் பெண்களும் வீட்டுக்குள் என்றால் சரி என்பார்கள்.

பெரிய எடுத்துக்காட்டு வேண்டுமா? நம் பழைய தென்னாற்காடு மாவட்டத்துக் கடலூரில்தான் சி.கே. ரங்கநாதன் 1983-இல் சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். பாக்கெட் ஷாம்பூ பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்க ஆரம்பித்த காலம் அது. அவருடைய தம்பி குமரவேலின் மனைவி வீணா 2000-இல் சென்னையில் திறந்த ஒரு சலூன்தான் இன்று நேச்சுரல்ஸ். அவர்களுக்கு வியாபாரப் பின்புலம் இருந்தது, நமக்கு இல்லை, ஒப்பிட வேண்டாம். ஆனால் அந்தக் கிளைகளில் பலவற்றை நடத்துவது அதுவரை வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் என்பதைக் கவனியுங்கள்.

கடனை ஒரு வருஷம் கழித்துப் பாருங்கள். ஒரு சுற்று முகூர்த்தம் முடிந்தால்தான் எவ்வளவு தாங்கும் என்று தெரியும். பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மேல் வயது வரம்பு இல்லை. கிராமத்துப் பெண்ணுக்குத் திட்டச் செலவில் 35 சதவீதம் மானியம், கைப்பணம் 5 சதவீதம். தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டமோ 35 வயதுக்கு மேல் தொழிலில் இருப்பவர்களுக்கென்றே வந்தது. பயிற்சிச் சான்றிதழ் கையில் இருந்தால் இரண்டையும் கேட்டுப் பார்க்கலாம்.

இந்த வாரமே விழுப்புரம் போய்வந்துவிடுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், பள்ளிச் சான்றிதழ், போட்டோ, மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பதற்கு அத்தாட்சி எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த அணி எப்போது தொடங்குகிறது என்று கேட்டு, வரிசையில் பெயரைக் கொடுத்துவிட்டே வாருங்கள்.