சுடுநீர்த் தொட்டிக்கு தூரத்தில் ஒரு சுவிட்ச்

மாணவர்களே, உங்கள் வீட்டுக் குளியலறையில் இருக்கும் சுடுநீர்க் கருவியை வீட்டில் உள்ளவர்கள்தான் போடுவார்கள், அணைப்பார்கள். நியூசிலாந்தில் பல வீடுகளில் அப்படியில்லை. அங்கே மின்சார நிறுவனமும் பல கிலோமீட்டர் தூரத்தில் இருந்தபடியே அதை அணைக்கலாம். இணையம் வருவதற்கு வெகு காலம் முன்பே, 1950களிலிருந்து நடந்து வரும் ஏற்பாடு இது.

அணைக்க வேண்டிய அவசியம் என்ன? மின்சாரத்தை அரிசி மாதிரி மூட்டை கட்டி அடுக்கி வைப்பது எளிதல்ல. எவ்வளவு செலவாகிறதோ அவ்வளவையும் அந்த நொடியிலேயே உற்பத்தி செய்தாக வேண்டும். தேவை திடீரென்று கூடினால் மின்நிலையச் சுழலிகளின் வேகம் குறையும்; 50 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டிய அலைவெண்ணும் இறங்கும். மிகவும் இறங்கிவிட்டால், தானியங்கிக் கருவிகள் சில வட்டாரங்களின் மின்சாரத்தைத் துண்டித்து மற்றவற்றைக் காப்பாற்றும். 2022 ஜூலை 27ஆம் தேதி நம் ஜொகூரின் யோங் பெங் துணை மின்நிலையத்தில் கருவி பழுதானபோது, தீபகற்பத்தின் பல இடங்களில் மின்சாரம் தடைபட்டது. ஓரிடத்துக் கோளாறு எவ்வளவு தூரம் எட்டும் என்று பாருங்கள்.

ஒரு வட்டாரமே இருளில் மூழ்குவதைவிட, யாருக்கும் தெரியாமல் சில கருவிகளை மட்டும் நிறுத்துவது மேல் அல்லவா? அதற்குத்தான் அந்தத் தூரத்துச் சுவிட்ச்.

அதற்குத் தனிக் கம்பி தேவையில்லை. வீட்டுக்கு வரும் மின்கம்பியிலேயே, 50 ஹெர்ட்ஸ் அலையின் மேல், சில நூறு ஹெர்ட்ஸ் அலைவெண் கொண்ட சிறிய சமிக்ஞையை ஏற்றி அனுப்புவார்கள். பிரான்சில் இதற்கு 175 ஹெர்ட்ஸ். மீட்டர் பெட்டியில் உள்ள சிறு கருவி தனக்குரிய குறியீட்டை அடையாளம் கண்டு, ‘டக்’ என்று தொட்டியின் மின்சாரத்தை நிறுத்தும். விளக்கும் தொலைக்காட்சியும் எப்போதும்போல் ஓடும்.

ஏன் குறிப்பாகச் சுடுநீர்? ஒரு கணக்குப் போடுவோம். 50 லிட்டர் நீரை 30 பாகையிலிருந்து 60 பாகை செல்சியசுக்குச் சூடாக்க 50 × 4,200 × 30 = 63 லட்சம் ஜூல், அதாவது 1.75 கிலோவாட் மணி தேவை. 2 கிலோவாட் கருவி இதை 53 நிமிடத்துக்குள் முடித்துவிடும். வெப்பம் வெளியேறாதபடி கவசமிட்ட தொட்டியில் அந்தச் சூடு பல மணி நேரம் தங்கும். பிற்பகலிலேயே சூடாக்கிவிட்டு மாலையில் மூன்று மணி நேரம் அணைத்தாலும், குளிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆக, அந்தத் தொட்டி ஒரு மின்கலம் போலத்தான். சேர்த்து வைப்பது மட்டும் வெப்பம்.

ஒரு லட்சம் வீடுகளில் இத்தகைய தொட்டிகள் ஒரே நேரத்தில் சூடேறிக்கொண்டிருந்தால் 200 மெகாவாட். பொந்தியானில் உள்ள தஞ்சோங் பின் நிலக்கரி நிலையத்தின் 700 மெகாவாட் அலகு ஒன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. மூன்று மணி நேரம் அணைந்திருந்த தொட்டிகள் எல்லாவற்றையும் ஒரே நொடியில் திரும்பப் போட்டால், ஆறிய நீரைச் சூடாக்க அனைத்தும் சேர்ந்து பாயும். பழைய உச்சத்தைவிடப் பெரிய உச்சம் வந்துவிடும். எனவே குழு குழுவாகத்தான் திறப்பார்கள். நீண்ட நேரம் அணைத்தே வைக்கவும் கூடாது. வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகும். அதனால்தான் தொட்டியில் 60 பாகை.

இனி உங்கள் குளியலறைக்கு வருவோம். நம் நாட்டு வீடுகளில் அதிகம் காணப்படுவது சுவரில் மாட்டிய சிறு பெட்டி, பெரும்பாலும் 3.6 கிலோவாட். அதில் தொட்டியே கிடையாது. நீர் ஓடும்போதே சூடாக்கும். நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடினால் வெப்பநிலை ஏறக்குறைய 17 பாகை உயரும். அதைத் தூரத்திலிருந்து அணைத்தால், தலையில் சோப்பு நுரையோடு நிற்பவர் அலறுவார்! சேமிப்பு இல்லாத கருவியை நேரம் மாற்றி ஓட்ட முடியாது.

நமக்குப் பொருந்துவது குளிர்சாதனம். குளிர்ந்த அறை கொஞ்ச நேரம் குளிர்ச்சியைப் பிடித்து வைத்திருக்கும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் ‘பீக்ஸ்மார்ட்’ திட்டத்தில் சேர்ந்த குளிர்சாதனங்களுக்கு உச்ச நேரத்தில் சமிக்ஞை போகும். காற்றாடி சுழன்றுகொண்டே இருக்கும். கம்ப்ரசரின் வேகத்துக்கு மட்டும் வரம்பு. அந்தத் திட்டத்தில் சேர்வது அவரவர் விருப்பம். சேர்ந்தால் ஊக்கத்தொகை கிடைக்கும். யாருடைய வீட்டு சுவிட்சையும் கேட்காமல் தொடக்கூடாது என்பதால் இந்தச் சம்மதம் முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

மலேசியாவில் தெனாகா நேஷனல் வேறு வழியில் போகிறது. 2025 ஜூலையில் நடப்புக்கு வந்த புதிய கட்டண முறையில், ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகள் விரும்பினால் நேரத்துக்கேற்ற கட்டணத்தைத் தேர்ந்தெடுக்கலாம். திங்கள் முதல் வெள்ளி வரை பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 10 மணிவரை விலை அதிகம். மற்ற நேரமும் சனி, ஞாயிறும் மலிவு. (ஜொகூரின் வார விடுமுறை 2025 ஜனவரியில் சனி, ஞாயிறுக்கு மாறியது நமக்கு வசதியாகிவிட்டது.) இங்கே சுவிட்ச் வீட்டுக்காரர் கையிலேயே இருக்கிறது, விலைதான் மாறுகிறது. அம்மா துணி துவைக்கும் இயந்திரத்தை இரவு 10 மணிக்கு மேல் போட்டால், நியூசிலாந்துத் தொட்டி செய்யும் அதே வேலையை அவர் கையாலேயே செய்கிறார்.