ஸ்லைசர் வாங்கும் முன் கழற்றிப் பாருங்கள்

நெதர்லாந்தின் ராட்டர்டாமில் இறைச்சிக் கடை வைத்திருந்தவர் வில்ஹெல்ம் வான் பெர்க்கல். பதப்படுத்திய இறைச்சியைக் கத்தியால் மெல்லிசாக, ஒரே கனத்தில் நாள் முழுக்கச் சீவ எந்தக் கையாலும் முடியாது. அதற்கு அவர் கண்ட வழிதான் 1898-ல் பிறந்த ஸ்லைசர். சக்கரத்தைக் கையால் சுற்றினால் வட்ட பிளேடு சுழலும். இறைச்சி வைத்த தட்டும் கூடவே போய்வரும். இப்போது மோட்டார் வந்துவிட்டது. மற்றபடி அடிப்படை அதேதான்.

அமெரிக்கா, கனடாவில் ஹாம், சீஸ் சீவி விற்கும் சிறிய டெலி கடைகளிலும் கேட்டரிங் சமையலறைகளிலும் இது இல்லாமல் வேலை ஓடாது. வாங்கப் போனால் பிளேடு 10 அங்குலமா, 12 அங்குலமா என்பதில்தான் பேச்சு ஆரம்பிக்கும். அதுவும் முக்கியம்தான். சீஸ் பிளேடில் ஒட்டி இழுக்கும். நாளெல்லாம் சீஸ் சீவினால் சிறிய மோட்டார் சூடேறித் திணறும். ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இதை முழுசாகக் கழற்றிக் கழுவ முடியுமா என்பதே.

2008-ல் கனடாவில் லிஸ்டீரியா கிருமி பரவி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டொராண்டோவில் இருந்த இறைச்சி ஆலையின் ஸ்லைசர்களுக்குள், வழக்கமாகக் கழுவும்போது கை எட்டாத இடங்களில் இறைச்சித் துணுக்குகள் தங்கியிருந்தன. கிருமி அங்கிருந்து பரவியிருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். குளிர்பெட்டிக் குளிரிலும் பெருகும் கிருமி இது. சீவிய இறைச்சியை யாரும் மறுபடி சமைப்பதில்லை. அப்படியே ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடுகிறார்கள். கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் ஆபத்து அதிகம்.

கழுவும் வேலையை அவசரமாகச் செய்யக் கூடாது. முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். கனம் வைக்கும் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினால் பிளேடின் விளிம்பு தடுப்புத் தகட்டோடு ஒட்டி மறையும். வெட்டுப்படாத கையுறை போட்டுக்கொண்டு தட்டையும் பிளேடின் மூடியையும் கழற்றலாம். பிளேடை நடுவிலிருந்து விளிம்பை நோக்கித்தான் துடைக்க வேண்டும். விளிம்போடு சேர்த்து வழித்தால் விரல் போய்விடும். மூடிக்குப் பின்னால் பாருங்கள்: கொழுப்பும் துணுக்கும் அங்கேதான் அப்பிக் கிடக்கும். சோப்பு நீர், நல்ல தண்ணீர், கிருமிநாசினி, பிறகு காற்றில் உலர்த்தல். தொடர்ந்து ஓடும் இயந்திரத்தை 4 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது இப்படிக் கழுவ வேண்டும் என்கிறது அமெரிக்காவின் மாதிரி உணவு விதித்தொகுப்பு. இறைச்சி ஸ்லைசரை 18 வயது ஆகாதவர்கள் இயக்க அந்நாட்டுச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. கழுவுவதற்கும் அதே தடை. சரியான சட்டம் என்றே சொல்வேன்.

ஆகவே, விற்பவரிடம் கண்ணெதிரே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கையாலேயே கழன்று வந்தால் நல்லது. ஒவ்வொன்றுக்கும் ஸ்க்ரூடிரைவர் தேடினால், கடைசி வாடிக்கையாளர் போன பிறகு களைத்து நிற்கும் ஊழியர் அதைத் தொடமாட்டார்.

பழைய இயந்திரம் என்றால் ரப்பர் விளிம்புகளில் விரிசல் இருக்கிறதா, மூலைகளில் துருவேறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிளேடுக்கும் தடுப்புத் தகட்டுக்கும் நடுவே இடைவெளி அகலமாகத் தெரிந்தால், சாணை பிடித்துப் பிடித்துப் பிளேடு தேய்ந்திருக்கக்கூடும். புது பிளேடின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு அப்புறம் பேரம் பேசுங்கள்.