ஒரு பல் கூடினால் என்ன ஆகும்?

மோட்டார் சைக்கிள் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "முன்னால ஒரு பல் கூட்டிப் போடுங்க, வண்டி பறக்கும்" என்பார் ஒருவர். "பின்னால மூணு பல் கூட்டுங்க, இழுவை பிய்ச்சுக்கிட்டுப் போகும்" என்பார் மற்றவர். இரண்டு யோசனைகளும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. ஆயினும் இருவருமே வண்டியின் செயல்திறன் கூடும் என்றே அடித்துச் சொல்கிறார்கள்! இவர்களில் யார் சொல்வது சரி? பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் தெரிந்த எவரும் ஒரு தாளும் பேனாவும் கொண்டு இதற்கு விடை காணலாம்.

முதலில் சக்தி செல்லும் பாதையைப் பார்ப்போம். எஞ்சின் தண்டு நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் சுற்றுகள் சுழல்கிறது. பின்சக்கரம் அவ்வளவு வேகமாகச் சுழல வேண்டியதில்லை. எனவே வேகம் மூன்று இடங்களில் குறைக்கப்படுகிறது. எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் இடையே ஒருமுறை, கியர் பெட்டியில் ஒருமுறை, கடைசியாகச் சங்கிலி ஓடும் இரு பற்சக்கரங்களில் ஒருமுறை. முதல் இரண்டும் எஞ்சின் கூட்டுக்குள் மறைந்திருப்பவை. சங்கிலிச் சக்கரங்களோ வெளியே இருப்பவை. மாற்றுவது எளிது, செலவும் குறைவு. நம் பட்டறை நண்பர்களின் கண் அவற்றின் மேல் விழுவது இதனால்தான். (பெல்ட்டினாலோ தண்டினாலோ சக்கரத்தைச் சுழற்றும் வண்டிகளில் இந்த விளையாட்டு அவ்வளவு எளிதன்று.)

முன்சக்கரத்தில் 15 பற்களும் பின்சக்கரத்தில் 45 பற்களும் இருந்தால் விகிதம் 3. முன்னால் 16 ஆக்கினால் 45/16, அதாவது 2.81. விகிதம் ஆறு சதவீதத்துக்குச் சற்று மேல் குறைந்துவிட்டது. பின்னால் 48 ஆக்கினால் விகிதம் 3.2; ஏறக்குறைய ஏழு சதவீத உயர்வு. முன்னால் ஒரு பல் என்பது பின்னால் மூன்று பற்களுக்குச் சமம் என்பதை இங்கே கவனியுங்கள்.

இனி உண்மையான எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'குரூசர்' எனப்படுபவை தாழ்ந்த இருக்கையும் நீண்ட உடலும் கொண்டவை. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் நெடுந்தூரம் செல்வதற்கென அமைந்தவை. ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2020 நவம்பரில் வெளியிட்ட மீட்டியோர் 350 இவ்வகையைச் சேர்ந்தது. ஒரே சிலிண்டர். உருளையின் விட்டம் 72 மி.மீ.; பிஸ்டன் நகரும் நீளம் 85.8 மி.மீ. விட்டத்தைவிட நீளம் மிகுந்த இத்தகைய எஞ்சின்கள் பெரும்பாலும் குறைந்த சுழற்சியில் நன்கு இழுக்கும்படி அமைக்கப்படுகின்றன. இந்த எஞ்சினின் உச்ச முறுக்குவிசை 27 நியூட்டன் மீட்டர்; அது நிமிடத்துக்கு 4,000 சுற்றில் கிடைக்கிறது. உச்சத் திறன் சுமார் 15 கிலோவாட். அது 6,100 சுற்றில்.

இந்த இரண்டு உச்சங்களும் வெவ்வேறு இடங்களில் இருப்பது ஏன்? திறன் என்பது முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது. 4,000 சுற்றில் பெருக்கிப் பாருங்கள்: 11.3 கிலோவாட்தான் வரும். 6,100 சுற்றில் முறுக்குவிசை 23.5 ஆகத் தளர்ந்திருந்தாலும் சுழற்சி கூடிவிட்டதால் பெருக்குத் தொகை 15-ஐத் தொடுகிறது. இந்த 15 கிலோவாட்டை எந்தப் பற்சக்கரமும் 16 ஆக்க முடியாது. பற்சக்கரம் ஒரு நெம்புகோல். விசையைக் கூட்டினால் வேகத்தைக் குறைக்கும். வேகத்தைக் கூட்டினால் விசையைக் குறைக்கும். அவ்வளவே.

கணக்கைத் தொடங்குவோம். எஞ்சினின் எண்கள் மேலே சொன்னவை. பற்களின் எண்ணிக்கையும், உச்ச கியரில் மொத்த விகிதம் 6.2 என்பதும் எளிமைக்காக நான் எடுத்துக்கொண்டவை. பின்சக்கரத்தின் ஆரம் 0.31 மீட்டர். வண்டி, இரண்டு பேர், மூட்டை எல்லாம் சேர்ந்து 340 கிலோகிராம். சங்கிலியிலும் கியரிலும் பத்தில் ஒரு பங்கு உராய்வில் போய்விடுகிறது என்போம்.

மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் பழைய விகிதத்தில் எஞ்சின் ஏறத்தாழ 4,240 சுற்றில் ஓடும். முறுக்குவிசை உச்சத்தை ஒட்டியே இருக்கும். அப்போது சக்கரம் சாலையைத் தள்ளக்கூடிய விசை 486 நியூட்டன். காற்றின் எதிர்ப்பு சுமார் 178, டயர்களின் உருளல் எதிர்ப்பு சுமார் 55. ஆக 233 செலவு. மீதி 253 நியூட்டன். வேகத்தைக் கூட்டவும் மேடேறவும் உதவுவது இந்த மீதிதான்.

முன்னால் ஒரு பல் கூட்டிவிட்டோம். தள்ளும் விசை 455 ஆகிறது. காற்றுக்கு நம் பற்சக்கரத்தைப் பற்றிக் கவலையில்லை. அது முன்போலவே தன் பங்கைக் கேட்கிறது. மீதி 222 நியூட்டன். விகிதம் ஆறு சதவீதம் குறைந்தது. மீதியோ பன்னிரண்டு சதவீதம் குறைந்துவிட்டது! பட்டறையில் "பிக்கப் போயிடுச்சு" என்று குறைப்படுகிறவர் மிகைப்படுத்தவில்லை. அவர் உணர்வது மொத்த விசையை அன்று, செலவு போக நிற்கும் மீதியை.

14 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றம் வருகிறது என்று வையுங்கள். அதில் வேகம் குறையாமல் ஏற 238 நியூட்டன் வேண்டும். முன்பு 253 இருந்தது, ஏறிவிடும். இப்போது 222, ஏறாது. கியரைக் குறைக்க வேண்டும். குறைக்காமல் பிடிவாதமாக ஆக்சிலேட்டரை முறுக்கினால் சுழற்சி மேலும் விழும். மிகவும் விழுந்தால் எஞ்சின் தட்டத் தொடங்கும். நல்லதன்று.

சரி, உச்ச வேகமாவது கூடுமா? பழைய விகிதத்தில் எஞ்சின் 6,100 சுற்றில் ஓடும்போது வண்டி மணிக்கு 115 கி.மீ. செல்லும். அந்த வேகத்துக்குத் தேவையான திறன் சுமார் 13.5 கிலோவாட். 15-இல் பத்தில் ஒரு பங்கு போனால் கையில் இருப்பதும் அதே 13.5. புதிய விகிதத்தில் அதே 6,100 சுற்றுக்கு 122 கி.மீ. வேகம் வர வேண்டும். ஆனால் அதற்கு 16 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். எங்கிருந்து வரும்? காற்றெதிர்ப்பு வேகத்தின் இருமடியாகவும், அதற்குரிய திறன் மும்மடியாகவும் உயர்வதால் இந்த வாசல் மூடியே கிடக்கிறது. போதாததற்கு 115-இல் எஞ்சின் இப்போது 5,720 சுற்றில்தான் ஓடும். அங்கே திறன் உச்சத்தைவிடக் குறைவு. எனவே பல்லைக் கூட்டிய வண்டியின் உச்ச வேகம் சற்றுக் குறையவே செய்யும். என் மாணவர்கள் எளிதில் நம்ப மறுப்பது இதைத்தான்.

அப்படியானால் நெடுந்தூரம் போகிறவர்கள் முன் பல்லைக் கூட்டுவது வீண் வேலையா? இல்லை. 80 கி.மீ. வேகத்தில் எஞ்சின் 4,240-க்குப் பதில் 3,980 சுற்றில் ஓடுகிறது. மேலும் கீழும் துள்ளும் பிஸ்டனின் நிலைமவிசை சுழற்சியின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே அதிர்வை உண்டாக்கும் விசை பன்னிரண்டு சதவீதம் தணிகிறது. கைப்பிடியில் அதை உணரலாம். உள் உராய்வும் குறைவதால் சமதரையில் பெட்ரோலும் ஓரளவு மிச்சமாகும். சமவெளியில் தனியாகச் செல்பவருக்கு இது நல்ல பேரம். மலையூரில் இருவராகவும் சுமையோடும் செல்பவருக்குப் பின்பல்லைக் கூட்டுவதே பொருத்தம். அவர் அதிர்வையும் பெட்ரோலையும் விலையாகக் கொடுப்பார். நகர நெரிசலில் ஊர்பவர் முன்பல்லைக் கூட்டவே கூடாது என்பது என் கருத்து. முதல் கியரும் உயர்ந்துவிடுவதால் ஒவ்வொரு முறை புறப்படும்போதும் கிளட்ச் அதிக நேரம் வழுக்கித் தேயும்.

முன்சக்கரத்தை மிகச் சிறியதாக்குவதிலும் ஓர் இடர் உண்டு. பற்சக்கரத்தில் சுற்றும் சங்கிலி வட்டமன்று, பலகோணம். 15 பற்களில் சங்கிலியின் வேகம் ஒவ்வொரு பல்லுக்கும் 2.2 சதவீதம் ஏறி இறங்கும். 12 பற்களில் 3.4 சதவீதம். கணுக்களும் அதிகம் மடங்குவதால் சங்கிலி விரைவில் தேயும்.

வேகமானியை மறந்துவிடாதீர்கள். அது சக்கரத்திலிருந்து அளவெடுத்தால் கவலையில்லை. கியர் பெட்டியிலிருந்து அளவெடுக்கும் வண்டியில் ஒரு பல் கூட்டிய பின் முள் 80 காட்டும்போது நீங்கள் உண்மையில் 85 கி.மீ. வேகத்தில் போவீர்கள். பிரேக் பிடித்து நிற்கும் தூரம் வேகத்தின் இருமடிக்கேற்ப நீள்வதால், 80 என்று நம்பிப் பிடித்தால் கிட்டத்தட்ட பதினான்கு சதவீதம் தள்ளித்தான் வண்டி நிற்கும்.

மாற்றுவதென்று முடிவு செய்தால் சங்கிலியின் நீளத்தையும் பாருங்கள். ஒரு பல் கூடினால் அரைக் கணு நீளம் கூடுதலாகத் தேவை. கணுவிடைத் தூரம் 15.875 மி.மீ. உள்ள சங்கிலியில் பின் அச்சை ஏறத்தாழ 4 மி.மீ. முன்னால் நகர்த்த வேண்டியிருக்கும். அச்சு நகரும் காடியில் அவ்வளவு இடம் மிச்சமிருக்கிறதா என்பதைப் பழைய சக்கரத்தைக் கழற்றும் முன்பே அளந்துகொள்ளுங்கள்.