கரையில் இறங்கி நம் காலில் நடப்போம்



நம் தாத்தா பாட்டிமார் கப்பலேறி வந்த கதையைக் கேட்டு வளராதவர் நம்மில் யாரும் இல்லை. சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ ஏறி, தட்டில் பாய் விரித்துப் படுத்து, நாள் கணக்கில் கடலையே பார்த்துக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். துறைமுகத்தைக் கண்டார்கள், ஆனால் துறைமுகப் பட்டணத்தைக் காணவில்லை. பினாங்கில் இறங்கியவர்களை ஜெரஜாக் தீவின் தடுப்பு முகாமில் வைத்திருந்து, பிறகு தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். எங்கே இறங்குவது, எந்தப் பக்கம் நடப்பது என்பதையெல்லாம் வேறு யாரோ முடிவு செய்தார்கள். ‘ரஜூலா’ கப்பல் 1973-இல் ஓய்வு பெற்றது. அதற்குப் பின் வந்த ‘சிதம்பரம்’ 1985-இல் தீ விபத்துக்கு உள்ளானதும் அந்தக் கடல் பயணமும் நின்றுபோனது.

இன்றோ காலம் வேறு. ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், ஆண்டு விடுமுறையில் தாய் தந்தையரை உல்லாசக் கப்பலில் ஏற்றிச் செல்கிறார்கள். சிங்கப்பூரில் புறப்பட்டு, பினாங்கு, போர்ட் கிள்ளான், புக்கெட் போன்ற துறைமுகங்களைத் தொட்டுவிட்டு, மூன்று நான்கு நாட்களில் திரும்பும் பயணங்கள் இவை. கப்பல் ஒரு துறையில் நிற்கும் அந்தச் சில மணி நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது? அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

கப்பல் நிறுவனமே பேருந்து வைத்து, வழிகாட்டி போட்டு, பயணிகளை அழைத்துச் சென்று காட்டும். இதைக் கரைச் சுற்றுலா என்று சொல்லலாம். இதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். கட்ட விருப்பமில்லை என்றால் நாமே இறங்கி, நாமே சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். இதில் தடை ஒன்றும் இல்லை. ஆனால் ‘எல்லோரும் கட்டுகிறார்கள், நாமும் கட்டித்தான் ஆக வேண்டும்’ என்று நம்மவர் பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

முதலில் பணக் கணக்கைப் பார்ப்போம். கரைச் சுற்றுலாவுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். வாடகை வண்டிக்கோ வண்டிக்கு இவ்வளவு என்று கட்டணம். ஒரு கணக்குக்காகத் தலைக்கு 150 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 750 வெள்ளி ஆகிவிடும். அதே ஐந்து பேர் 300 வெள்ளிக்கு ஒரு வேன் பேசிப் போனால் 450 வெள்ளி மிச்சம். தனியாக வந்த ஒருவருக்கு இதே கணக்கு தலைகீழாகிவிடும். அவருக்கு வேனை விடக் கரைச் சுற்றுலாவே மலிவு. ஆகவே ‘எது மலிவு’ என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. ‘நாம் எத்தனை பேர்’ என்று எண்ணிய பிறகே கேட்க வேண்டும்.

பணத்தைக் காட்டிலும் பெரிய விஷயம் நேரம். கரைச் சுற்றுலாப் பேருந்து வழியில் தாமதமானால் கப்பல் பொதுவாக அதற்காகக் காத்திருக்கும். நாமே போய்த் தாமதமானால் காத்திருக்காது. விட்டுவிட்டுப் போய்விடும். அடுத்த துறைமுகத்துக்கு நம் சொந்தச் செலவில் போய்ச் சேர வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எந்தத் துறையில் நாமே போகலாம்? துறைமுகத்துக்கும் ஊருக்கும் உள்ள தூரம்தான் விடை சொல்லும். பினாங்கில் கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறை, ஜார்ஜ் டவுன் நகரத்தின் வாசலிலேயே இருக்கிறது. கால் வைத்தால் ஊர். போர்ட் கிள்ளானில் அப்படி இல்லை. உல்லாசக் கப்பல் துறை இண்டா தீவில் இருக்கிறது. கோலாலம்பூருக்கு அங்கிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். சாலை நெரிசலில் ஒன்றரை மணி நேரம் கூடப் பிடிக்கலாம். பாங்காக் காட்டுகிறோம் என்று சொல்லும் கப்பல்களில் பல, லேம் சபாங் துறையில்தான் நிற்கின்றன. அங்கிருந்து பாங்காக் 100 கிலோமீட்டருக்கும் மேல்.

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல ஒரு கணக்குப் போடுவோம். கப்பல் நண்பகல் 12 மணிக்குக் கரை சேர்கிறது. மாலை 6 மணிக்குள் எல்லோரும் ஏறிவிட வேண்டும். பார்வைக்கு ஆறு மணி நேரம். வரிசையில் நின்று இறங்க ஒரு மணி நேரம் போகும். கடைசி நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே திரும்பிவிடுவது நல்லது. மிஞ்சுவது நான்கு மணி. இதில் போக ஒன்றரை, வர ஒன்றரை என்றால் ஊர் பார்க்க ஒரே மணி நேரம்தான். போக வரச் செலவாகும் நேரம், மிஞ்சிய நேரத்தில் பாதிக்கு மேல் போனால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். இல்லையேல் கரைச் சுற்றுலாவில் போங்கள். போர்ட் கிள்ளானில் இறங்கிப் பத்துமலைக்கு ஓடுவதை விட, கிள்ளான் தெங்கு கெலானா சாலையில் உள்ள லிட்டில் இந்தியாவில் நிதானமாகச் சாப்பிட்டுத் திரும்புவது புத்திசாலித்தனம்.

கடிகாரத்தைப் பற்றி எங்கள் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு பள்ளி விடுமுறையில் நாங்கள் நான்கு ஆசிரியர் குடும்பங்கள் சேர்ந்து புக்கெட் போயிருந்தோம். கப்பல் கரையோரம் வராமல் கடலில் நங்கூரமிட்டு நின்றது. சிறு படகுகளில் ஏற்றி எங்களைக் கரையில் விட்டார்கள். திரும்பும் கடைசிப் படகு 5 மணிக்கு. கடைத் தெருவில் கைப்பேசியைப் பார்த்தோம், 3.40. இன்னும் நேரம் இருக்கிறது என்று இளநீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தோம். எங்களோடு வந்த பாட்டி தம் பழைய கைக்கடிகாரத்தைக் காட்டி, “ஏம்ப்பா, மணி நாலே முக்காலாகப் போகுதே?” என்று கேட்டார். அப்போதுதான் சுருக்கென்றது. தாய்லாந்து நேரம் நம் நேரத்தை விட ஒரு மணி பின்தங்கியது. கைப்பேசி கரை ஏறியதும் தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டது. எங்கள் கப்பலோ சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி, கடைசிப் படகில் ஏறினோம். பாட்டியின் கடிகாரம் இல்லாவிட்டால் அன்று கரையில்தான் நின்றிருப்போம்.

இதிலிருந்து நாங்கள் கற்றது இரண்டு. இறங்குமுன் ‘கப்பல் நேரம் எது’ என்று கேட்டு, ஒரு சாதாரணக் கடிகாரத்தில் அதை வைத்துக்கொள்ள வேண்டும். படகில் இறங்கும் துறையென்றால், கப்பல் புறப்படும் நேரத்தை விட்டுவிட்டுக் கடைசிப் படகின் நேரத்தைக் கேட்க வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறோம். கப்பலில் கொடுத்த அட்டை, நம் அடையாள அட்டை இரண்டும் கட்டாயம். கடப்பிதழைக் கையில் எடுத்துப் போக வேண்டுமா, கப்பலிலேயே இருக்குமா என்பதை ஒவ்வொரு துறையிலும் கேட்டுக்கொள்ளுங்கள்; குடிநுழைவு விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். கப்பலில் தினமும் தரும் தாளில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் இருக்கும். அந்தத் தாளை மடித்துப் பையில் வையுங்கள். இனிப்பு நீர், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அன்றைய மாத்திரைகளுடன் மறுநாளைக்கும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். சிறுபிள்ளைகளின் சட்டைப் பையில் கப்பலின் பெயரும், பெற்றோரின் தொலைபேசி எண்ணும் எழுதிய துண்டுக் காகிதம் இருக்கட்டும். வண்டி பிடித்தால், ஏறுமுன் வாடகையைப் பேசி முடித்துவிடுங்கள்.

இனி, பினாங்கில் இறங்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். துறையின் வாசலைத் தாண்டியதும் மணிக்கூண்டு தெரியும். விக்டோரியா ராணி அரியணை ஏறி 60 ஆண்டு நிறைந்த நினைவாக, 1897-இல் எழுப்பத் தொடங்கியது; ஆண்டுக்கு ஓர் அடி வீதம் 60 அடி உயரம். அருகிலேயே கார்ன்வாலிஸ் கோட்டை; 1786-இல் பிரான்சிஸ் லைட் கரையிறங்கிய இடம் அது. அங்கிருந்து மெல்ல நடந்தால் 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், 1833-ஆம் ஆண்டின் மகா மாரியம்மன் கோயில், 1801-இல் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எல்லாம் அடுத்தடுத்து வரும். நான்கு சமயத்தாரின் வழிபாட்டிடங்களையும் வண்டிக் கட்டணமே இல்லாமல் பார்த்துவிடலாம். லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும். இந்த நகரமும் மலாக்காவும் 2008-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை. பினாங்கு மலை ரயிலுக்கு விடுமுறை நாளில் நீண்ட வரிசை நிற்கும். சில மணி நேரம் மட்டும் உள்ளவர்கள் அதை வேறொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

கரைச் சுற்றுலாவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நடக்க முடியாத பெரியவர்கள் உடன் இருந்தாலும், இடம் தொலைவாக இருந்தாலும், மொழி தெரியாத ஊரில் மனம் தயங்கினாலும் பணத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாகப் போய் வாருங்கள். அதை நாமாக எண்ணிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

நம் முன்னோரைக் கங்காணி அழைத்த வழியில் நடத்தினார்கள். அவர்கள் முகாமின் வேலிக்குப் பின்னால் நின்று பார்த்த அந்தப் பினாங்கில், பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, எந்தத் தெருவில் திரும்பலாம் என்று நாமே சொல்லி நடக்கும் காலம் இது. தூரத்தை விசாரியுங்கள், கணக்கைப் போடுங்கள், கப்பல் நேரத்தைக் கையில் கட்டிக்கொள்ளுங்கள். பிறகு தைரியமாக இறங்குங்கள்.